வலப்பக்கத்திலிருந்து வந்த பெயர்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டிசைன் போடும் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான். எழுத்து விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பழைய சாஃப்ட்வேரில் தமிழ் எழுத்துகள் சிதறி வந்தால், கொம்பையும் காலையும் மவுஸால் இழுத்து ஒட்டிவிடுவேன். யாரும் கண்டுபிடித்ததில்லை.

கிளியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய குழந்தை பிறந்த சில நாளிலேயே இறந்துபோயிருந்தது. அதை அடக்கம் செய்த கபரின் தலைமாட்டில் நடும் மீசான் கல்லில் அதன் பெயரை அரபியில் வெட்ட வேண்டும். நான் அச்சடித்துத் தரும் தாளைக் கல்லில் ஒட்டி, மார்பிள்காரர் அப்படியே வெட்டுவார். அவருக்கும் அரபி தெரியாது, எனக்கும் தெரியாது. பெயரை என் போனுக்கு அனுப்பிவிட்டு, "வேற எங்கயும் அவ பேரு எழுதலக்கா. இதுல மட்டும்தான்" என்றாள்.

சாஃப்ட்வேரில் போட்டதும் எழுத்துகள் தனித்தனியாக நின்றன. நமக்கா தெரியாது என்று ஒவ்வொன்றாக நகர்த்தி, இடைவெளி தெரியாமல் ஒட்டி, அழகாக அச்சடித்து வைத்தேன். மறுநாள் தாளைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, இது எம்பொண்ணு பேரே இல்ல."

"நீ அனுப்பினதுதாம்மா. எவ்ளோ நேரம் ஒட்டிக்கினு இருந்தேன் தெரியுமா?"

"எழுத்து தானா சேரணும்க்கா. அரபி வலது பக்கத்துலேர்ந்து வரணும், இது இடது பக்கத்துலேர்ந்து வேற ஓடுது."

கோபம் வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் அடங்கியும் போனது. விழுப்புரத்தில் அச்சகம் வைத்திருக்கும் தோழிக்குப் போன் போட்டேன். "அந்தப் பழசுக்கு அரபி வராதுடி. புது கம்ப்யூட்டர்ல அரபி கீபோர்டைச் சேர்த்து அடி, அப்பால பாரு" என்றாள்.

பில் போட மட்டும் வைத்திருந்த புது கம்ப்யூட்டரில் சேர்த்தேன். கர்சர் தாவிப் போய் வலது ஓரத்தில் நின்றது. மதரஸாவில் ஓதப் படித்த அந்தப் பெண்ணையே என் நாற்காலியில் உட்காரவைத்தேன். திரையில் தெரிந்த கீபோர்டில் ஓர் எழுத்தை அழுத்தினாள். அது வாலை விரித்துத் தனியாக நின்றது. அடுத்ததை அழுத்தியதும், முதல் எழுத்து வாலைச் சுருக்கிக்கொண்டு புதியதைத் தொட்டது. மூன்றாவது வந்ததும் இரண்டாவதும் உருமாறியது. யாரும் இழுக்கவில்லை, ஒட்டவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முதலில் வந்தால் எப்படி, நடுவில் வந்தால் எப்படி, கடைசியில் வந்தால் எப்படி என்று யாரோ எங்கோ உட்கார்ந்து இந்தப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முகம் தெரியாத அவர்களைக் கும்பிடத் தோன்றியது.

கடைசி எழுத்துக்கு முன்னால் அவள் கை நின்றது.

"இதை அடிச்சிட்டா, அவளுக்கு நான் செய்யறதுக்கு வேற ஒண்ணும் இல்லக்கா."

வாசலில் பேனர் வாங்க வந்தவர், "ஜல்தி குடும்மா" என்று குரல் கொடுத்தார். அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெகுநேரம் கழித்து அழுத்தினாள். திரையைப் பார்த்து, அந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டுக் கூப்பிட்டாள்.