கிழிசலின் இறக்கை

என் தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வீடு திரும்பினால், கிரீஸ் கழுவிய கை காய்வதற்குள் கேமராவோடு கொல்லைப்புறம் போய்விடுவார். பூவுக்கு விரல் நீளத் தூரத்தில் லென்ஸை வைத்து, மண்டியிட்டு, மூச்சை அடக்கிக் காத்திருப்பார். தேனீ, குளவி, ஈ, எது வந்தாலும் சரி. மூச்சு விட்டால் படம் கலங்கிவிடும் என்பார்.

"குளவி கால்ல எத்தனை முடின்னு கேளுங்க, சொல்லுவாரு. என் கன்னத்து மச்சம் எந்தப் பக்கம்னு கேளுங்கண்ணா, முழிப்பாரு" என்பாள் தங்கை.

"இடது பக்கம்."

"பாத்தீங்களா? வலது."

"எதிர்ல நின்னு பாக்குறவனுக்கு இடதுதானே, மச்சான்?" என்று என்னிடம் நியாயம் கேட்பார்.

தங்கை நோயில் விழுந்தபின் அவளுக்கு முன்னறையில் கட்டில் போட்டோம். அங்கிருந்து செடிகள் தெரியாது. ஆகவே மாலைதோறும் கேமராவை அவள் கையிலேயே கொடுத்துவிடுவார். இறக்கை ஓரம் கிழிந்த ஒரு கருவண்டு அவளுக்குச் செல்லம். 'கிழிசல்' என்று பெயர் வைத்திருந்தாள். "கிழிசல் வந்துச்சா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

மருந்து இனிக் கேட்காது என்று மருத்துவர் எங்கள் இருவரிடமும் சொன்னார். பேருந்து நிறுத்தத்தில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானே சொல்லிக்கிறேன் மச்சான். ஒரு வாரம் குடுங்க."

வீட்டில் அவர் சொன்னது வேறு. "ரிப்போர்ட் பரவாயில்லையாம்."

அதை நம்பி, தொலைவில் ஆசிரியையாக இருக்கும் மகளுக்குத் தங்கை போன் செய்தாள். "லீவு விட்டதும் நிதானமா வா. நான் எழுந்து நடக்கிறப்ப வந்தா போதும்."

அந்த வாரக் கடைசியில் கிழிசல் வரவில்லை. இருட்டும்வரை செடியருகே இருந்துவிட்டு உள்ளே வந்த மாப்பிள்ளை, பழைய படம் ஒன்றைத் தேடியெடுத்து அவளிடம் நீட்டினார்.

"வந்துச்சு."

தங்கை படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நேத்து பாதி இறக்கை போயிருந்துச்சு. இதுல ஓரம் மட்டும்தான் கிழிஞ்சிருக்கு. பூச்சிக்கு இறக்கை திரும்ப வளராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் கேமராவைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

"பழைய படமா?"

"ஆமா. இன்னைக்கு வரல."

கேமராவை மடியில் வைத்தாள். "ஏங்க, அப்போ ரிப்போர்ட்டு?"

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாவைப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மருத்துவர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடிந்ததும், "புள்ளைய நிதானமா வரச் சொல்லிட்டேனே" என்றாள்.

மகளுக்குப் போன் போட்டவர் மாப்பிள்ளைதான். அவள் "அப்பா" என்றதும் போனை என்னிடம் நீட்டிவிட்டார். நான் வாங்கிப் பேசினேன்.

மகள் மறுநாளே வந்துவிட்டாள். தாயும் மகளும் பேசிக்கொள்ளச் சில நாட்கள் கிடைத்தன. அவை போதுமானவை என்று நான் எழுத மாட்டேன். கடைசி இரண்டு நாட்களில் தங்கைக்கு நினைவு தப்பிவிட்டது.

மாப்பிள்ளை இப்போதும் வேலைக்குப் போகிறார், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். மகள் ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். அந்த ஒரு வாரத்தைப் பற்றி அவள் கேட்டதில்லை. அவள் கேட்டுவிடுவாளோ என்று, போன் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அவர் என்னை எடுக்கச் சொல்கிறார்.