பாய் கூடையில் விழுந்த ஆரஞ்சுகள்

எழுபதுகளின் கடைசியில் ஏற்காட்டு காபி எஸ்டேட் ஒன்றில் நான் கணக்கெழுதும் ரைட்டர். சட்டக் கல்லூரியில் ஓராண்டு படித்துவிட்டு நின்றவன் என்பதால் ஊரார் சந்தேகத்துக்கெல்லாம் நான்தான் வக்கீல்.

ஞாயிறு மதியம் பாய் டீக்கடையின் பின்னறையில் ரம்மி ஆடுவோம். நான், ஒரு பஸ் டிரைவர், பக்கத்து வாழவந்திக் கிராமத்து விவசாயி ஒருவர். பணம் கிடையாது; விவசாயி கொண்டுவரும் ஆரஞ்சுதான் பந்தயம். ஜெயித்தவர் இரண்டு பழத்தை இடம் கொடுத்த பாயின் கூடையில் போடவேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவர் அதை வாசலில் வைத்து விற்பார்.

"ஏனுங்க ரைட்டரய்யா, போலீஸ் வந்தா கடை லைசென்ஸ் போயிருமுங்களா? அஞ்சு உசுரு இதை நம்பித்தான் இருக்குது" என்று பாய் ஒருமுறை கேட்டார்.

"ரம்மி மூளை ஆட்டமுங்க பாய். ஆடறவங்க மேல கேஸ் வராது."

அது பாதிச் சட்டம். இடம் கொடுத்தவர் ஆட்டத்தில் பங்கு வாங்கினால் அது சூதாட்ட விடுதி. அவரும் மாட்டுவார், ஆடியவர்களும் மாட்டுவார்கள். எனக்குத் தெரியும். சொன்னால் ஆட்டம் நின்றுவிடும். அந்த மாதம் நான் ஜெயித்துக்கொண்டு வேறு இருந்தேன்.

ஒரு ஞாயிறு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. கூடையில் எட்டுப் பழம்.

"தின்னுங்க! சீக்கிரம் தின்னுங்க!" என்றேன்.

"அது என்ற பழமுங்க!" பாய் பதறினார்.

"நீங்களுந்தான் பாய்!"

சப்-இன்ஸ்பெக்டர் எட்டிப்பார்த்தபோது நாலு பேர் கன்னமும் உப்பியிருந்தது. டிரைவர் மீசையில் சாறு. சீட்டுக்கட்டின் மேல் தோல் குவிந்து கிடந்தது.

"என்னய்யா நடக்குது இங்க?"

விவசாயி மிச்சமிருந்த ஒரே பழத்தை நீட்டினார். "நொம்ப இனிப்புங்க. நீங்களும் ஒண்ணு பாருங்க."

சப்-இன்ஸ்பெக்டர் உரித்துத் தின்றார். "புளிக்குது" என்றார். "ஏறி வர்றதுக்குள்ள ஜீப் சூடாயிருச்சு. ஒரு குடம் தண்ணி குடுங்க பாய்."

ஜீப் போனதும் தரையில் உருண்டு சிரித்தோம். பாய்க்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, "இனிக் கூடை வேண்டாமுங்க பாய்" என்றேன்.

"ஏனுங்க?"

"வயிறு தாங்காது."

அதையும் பகடி என்றே எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ரைட்டரய்யா கடையைக் காப்பாற்றினார் என்று என் டீயோடு தினமும் ஒரு பன் வைத்தார். நான் மலையிறங்கும் நாள்வரை வாங்கித் தின்றேன். அவரைக் கேட்காமல் அவர் கடையையே பந்தயம் வைத்தவன் நான் என்று ஒருநாளும் அவரிடம் சொல்லவில்லை.