பொய்த்த குழியில் ஊற்றிய ஆயில்

நீரில்லாத குழியில் எதை ஊற்றினாலும் கேடில்லை என்று எங்கள் குடும்பம் நம்பியது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் ரிக் வண்டி வைத்திருந்தன. என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ஒன்று வைத்திருந்தார்கள். ஆண்டில் எட்டு மாதம் வடக்கே போய், பிறருடைய நிலங்களில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொடுத்து, அங்கே மழைக்காலம் தொடங்கும்போது வண்டியோடு வீடு திரும்புவார்கள். சொந்தத் தோட்டத்தில் அவர்கள் கடைசியாகப் போட்ட போர் மட்டும் பொய்த்துவிட்டது. ஆயிரம் அடி தாண்டியும் கல்தூள் புகையாக வந்ததே தவிர ஈரம் வரவில்லை. அதன் வாய்க்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டி வைத்தார்கள்.

வண்டி ஊர் வந்ததும் முதல் வேலை ஆயில் மாற்றுவது. லாரி எஞ்சினிலிருந்தும் கம்ப்ரசரிலிருந்தும் வடித்த கறுத்த ஆயில் வாளி வாளியாகச் சேரும். ஊரில் சிலர் அதை வேலியோரம் கொட்டினார்கள். சிலர் கரையானுக்கென்று சுவரடியில் ஊற்றினார்கள். நாங்கள் அப்படிச் செய்வதில்லை என்பதில் எங்களுக்குப் பெருமை. மாடு நக்கிவிடக் கூடாது, யாருக்கும் கால் வழுக்கக் கூடாது என்று, பொய்த்த போரின் பூட்டைத் திறந்து, குழாய் வாயில் பெரிய புனலை வைத்து, சுற்றிலும் கோணிப்பை விரித்து, மண்ணில் ஒரு சொட்டும் சிந்தாமல் உள்ளே விடுவோம். என் கணவர் வாளியைச் சாய்ப்பார். நான் புனலைப் பிடிப்பேன். பட்டம் பெற்றவள், கையில் கிடைத்த தாளையெல்லாம் படிக்கிறவள் என்று அந்த வீட்டில் எனக்குப் பெயர். அந்த ஆயில் எங்கே போய்ச் சேரும் என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

கணவரின் அண்ணன் மனைவியை அக்கா என்றே அழைத்தேன். அவர் வீடும் என் வீடும் நாற்பது தப்படி இடைவெளியில் எதிரெதிராக இருந்தன. ஆண்கள் வடக்கே போய்விட்டால் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்புதான் எரியும். மாடு கறப்பதும் தென்னைக்கு நீர் பாய்ச்சுவதும் முறைவைத்து நடக்கும். வாழப்பாடியிலிருந்து வந்த என் பேச்சு அவருக்கு வேடிக்கையாக இருந்தது. “ரேடியோவுல செய்தி வாசிக்கறாப்பல பேசறயே அம்மிணி, மாடெல்லாம் எந்திரிச்சு நின்னு கேக்குது பாரு” என்பார். மதியத்தில் நான் படித்துக்கொண்டிருந்தால் கூப்பிட மாட்டார். வாசற்படியில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருப்பார். நான் புத்தகத்தை மூடிவைத்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்வார். பல நாட்களில் அப்படி ஒரு காரியமே இருந்ததில்லை என்பதை நான் மிகவும் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

ஒருமுறை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நல்ல மழை பெய்தது. ஏரி நிரம்பியது, அடிமட்டத்தில் கிடந்த கிணறுகளில் நீர் ஏறியது. இரண்டாம் ஆண்டு கார்த்திகையில் அக்கா தம் வீட்டுக் குழாய் நீரில் மண்ணெண்ணெய் போல ஏதோ வாடை அடிக்கிறது என்றார். பொய்த்த போருக்குச் சற்றுக் கீழே, பள்ளத்தில், முன்பே போட்டிருந்த வேறொரு போரிலிருந்து அவர் வீட்டுக்கு நீர் வந்தது. என் வீட்டுக்கு மேட்டில் உள்ள பழைய கிணற்று நீர். அதில் வாடை இல்லை. வடக்கே இருந்த தம் கணவரிடம் அக்கா தொலைபேசியில் சொன்னபோது, தொட்டியைக் கழுவச் சொன்னாராம். அக்கா இரண்டு முறை கழுவினார். வாடை போகவில்லை.

அக்காவின் ஒரே மகள் தலைப்பிரசவத்துக்காகத் தை மாதம் தாய்வீட்டுக்கு வரவிருந்தாள். பச்சைக் குழந்தையை அந்த நீரில் குளிப்பாட்ட முடியாது. அதற்குள் நீர் தெளியாவிட்டால், அக்கா அந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு வேறெங்காவது போக வேண்டும்.

காரணம் எனக்கு முதல் நாளே தோன்றிவிட்டது. பத்து நாட்கள் நான் வாய் திறக்கவில்லை. பதினோராம் நாள், அக்கா ரேசன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பொய்த்த போரின் பூட்டைத் திறந்தேன். ஒரு பாட்டிலில் கல்லைக் கட்டி, வீட்டிலிருந்த கயிறுகளையெல்லாம் ஒன்றோடொன்று முடிந்து உள்ளே இறக்கினேன். கயிறு தீருமுன்பே எதிலோ பட்டுத் தளர்ந்தது. மேலே இழுத்தபோது பாட்டில் கறுப்பாக வந்தது. ஆடாமல் வைத்துப் பார்த்தேன்; சற்று நேரத்தில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு நீர் பிரிந்து நின்றது. வறண்டது என்று நாங்கள் நம்பிய குழிக்குள் மழை வந்திருந்தது. நாங்கள் ஆண்டுதோறும் ஊற்றியது அதன்மேல் மிதந்து ஏறி, பாறை வெடிப்புகள் வழியாக அக்காவின் போருக்குள் இறங்கியிருந்தது.

அவர் திரும்பியதும் பாட்டிலைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, எங்கே எடுத்தது என்று சொன்னேன்.

“புனலைப் புடிச்சது நீயா?” என்று கேட்டார்.

“நாந்தானுங்கக்கா.”

அவர் பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினார். “நீ வாக்கப்பட்டு வாரதுக்கு முன்னால நாந்தான் புடிச்சேன் சாமி,” என்றார்.

வடக்கே செய்தி சொன்னோம். ஊரெல்லாம் போர் போட்டவனுக்குத் தெரியாதது வீட்டில் இருக்கிற இரண்டு பொம்பளைகளுக்குத் தெரிந்துவிட்டதா என்று அக்காவின் கணவர் கேட்டார். என் கணவர் வண்டியை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு மூன்றாம் நாள் ரயிலேறி வந்துசேர்ந்தார்.

அக்கா வீட்டு மோட்டாரை ஓட்டினால் அது எண்ணெயை மேலும் தன் பக்கம் இழுக்கும் என்று, சேலத்திலிருந்து வந்து பார்த்த நிலத்தடி நீர் வல்லுநர் ஒருவர் சொன்னார். மோட்டாரை நிறுத்தினோம். அக்கா என் வீட்டிலிருந்து குடத்தில் நீர் எடுத்துப் போனார். என் கணவர் போரின் மேல் மூன்று கம்புகளை முக்காலியாக நட்டு, கப்பி கட்டி, அடியில் வால்வு வைத்த நீளக் குழாய் ஒன்றைக் கயிற்றில் இறக்கினார். ஆயிலில் மூழ்கும்போது வால்வு திறக்கும், தூக்கும்போது மூடிக்கொள்ளும். விடியலில் தொடங்கினால் வெயில் உச்சிக்கு வரும்வரை இறக்குவதும் தூக்குவதுமாக இருப்பார். எடுத்ததை வைக்க ஒரு கொட்டகை போட்டார். சிமெண்ட் தரை, சிந்தினாலும் வெளியே ஓடாதபடி சுற்றிலும் ஒரு சாண் வரப்பு, மேலே தகரம், மழைநீர் இறங்காத மூடியுள்ள பேரல்கள்.

கழிவு ஆயில் சேகரிக்க உரிமம் பெற்ற பாய் ஒருவர் சேலத்திலிருந்து வண்டியோடு வந்தார். பேரலுக்குள் கோலை விட்டுப் பார்த்து, தண்ணீர் கலந்திருக்கிறதே, எங்கே எடுத்தது என்று கேட்டார். போரில் என்றார் என் கணவர்.

“போர்ல ஆயில் வருதுன்னா நீங்க சீமான்தான். நான் உங்ககிட்ட வேலைக்கு வந்துடறேன்,” என்று பாய் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. நடந்ததைக் கேட்டதும் பாயும் நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு அவர் பொறுமையாகச் சொன்னார். நீர் கலந்ததைத் தனிப் பேரலில் அசையாமல் வைத்தால் பிரியும். பிரிந்த நீரையும் மண்ணில் விடக் கூடாது. வண்டியில் வடிக்கும் ஆயிலில் டீசலோ, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டோ ஒரு கரண்டி கலந்தாலும் சுத்திகரிக்கும் ஆலையில் தொல்லை. சுத்தமாகக் கொடுத்தால் அதைச் சூடாக்கி, அழுக்குப் பிரித்து, மறுபடியும் ஆயிலாகவே ஆக்கிவிடுவார்கள். ஆயில் கெடுவதில்லை, அழுக்காகத்தான் ஆகிறது என்றார் அவர். அந்த வாரமே என் கணவர் ஒவ்வொரு பேரலிலும் இன்னது என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதினார். பழைய ஃபில்டர்களைத் துளையிட்டு ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வடித்த பிறகே தனியாக எடுத்துவைத்தார். சிந்தினால் போட மணல் வாளி ஒன்றும் கொட்டகையில் இடம்பிடித்தது.

தை பிறந்தது. வால்வுக் குழாயில் வரும் ஆயில் மெலிந்து, நீரின் மேல் நிறநிறமான படலமாக ஆகியிருந்தது. அக்காவின் போர் நீரில் வாடை மட்டும் குறையவில்லை. பிரசவ வீட்டுக்குக் குடத்தில் சுமக்கும் நீர் போதாது. அக்கா சேலம் அஸ்தம்பட்டியில், மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தார். மூன்று மாதத்துக்குத்தான் என்றார். சாமான் ஏற்றிய அன்று என் கணவர் கறுத்த கையோடு வண்டியருகே வந்து நின்றார்.

“சித்திரைக்குள்ள தெளிஞ்சிரும் அண்ணி.”

“தெளியட்டும் சாமி. நீ மொதல்ல கையக் கழுவிட்டு வந்து சோறு உண்ணு,” என்றார் அக்கா. என் கணவருக்கென்று வடித்த சோற்றை எங்கள் அடுப்படியில் வைத்துவிட்டுத்தான் வண்டியேறினார்.

சித்திரையில் தெளியவில்லை. அடுத்த சித்திரையிலும் தெளியவில்லை. பிறகு வாடை மறைந்தது. ஆனால் சோதனைக்குக் கொடுத்த ஒவ்வொரு முறையும் குடிக்கவும் குளிக்கவும் வேண்டாம் என்றே தாள் வந்தது. இதற்கிடையில் என் கணவர் ரிக் வண்டிக்காரர்கள் கூடும் டீக்கடையில் தம் போரில் ஊற்றியதைத் தாமே சொல்லத் தொடங்கினார். தாங்களும் ஊற்றியிருப்பதாகத் தாழ்ந்த குரலில் சிலர் ஒப்புக்கொண்டார்கள். இப்போது பத்துப் பன்னிரண்டு வண்டிகளின் ஆயில் எங்கள் கொட்டகைக்கு வருகிறது. பேரல்கள் நிறைந்ததும் பாயின் வண்டி வந்து ஏற்றிப் போகிறது. அது நல்ல காரியம் என்று ஊர் சொல்கிறது. நானும் மறுக்கவில்லை.

மாதம் ஒருமுறை அஸ்தம்பட்டிக்குப் பேருந்தில் போய்வருகிறேன். மூன்று மாதம் என்றது மகளின் வேலையாகவும், பேரனின் பள்ளிக்கூடமாகவும், அக்கா கணவரின் சர்க்கரை வைத்தியமாகவும் நீண்டுவிட்டது. வண்டியிலிருந்த தம் பங்கை அக்காவின் கணவர் என் கணவரிடமே விட்டுவிட்டார். மாடிப்படிக்குக் கீழேயுள்ள சிறிய சமையலறையில் அக்கா எனக்குக் காப்பி போடுவார். மேட்டுக் கிணற்றிலிருந்து அவர் வீட்டுக்குக் குழாய் இழுத்தாயிற்று, தொட்டி புதிதாகக் கட்டியாயிற்று, வரலாமே என்று சென்ற மாதம் கேட்டேன். எத்தனையாவது முறையாகக் கேட்கிறேன் என்பது இருவருக்கும் தெரியும்.

“வாரேன் அம்மிணி,” என்றார். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “இவன விட்டுட்டு எப்படி வாரது, சொல்லு.” பேரன் அவர் மடியில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். நான் வற்புறுத்தவில்லை. ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்தேன்.

தோட்டத்தில் இப்போது நானும் என் கணவரும் இருக்கிறோம். வண்டி வடக்கே போகும் மாதங்களில் நான் இருக்கிறேன்.