மாதம்மாள் பேசியதில் மிச்சம்

போன வியாழக்கிழமை தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அரூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார்... நல்லாருக்கீங்களா?"

திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, மாதம்மாள். அந்தக் கணத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பக்கத்தில் கிளம்பத் தயாராக இருந்த சேலம் பஸ்ஸில் ஏறிவிடலாமா என்று! எனக்குச் சேலத்தில் ஒரு வேலையும் கிடையாது.

ஏன் அப்படித் தோன்றியது? அதைச் சொல்ல மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வானொலிப் பைத்தியம் தெரியும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேருகிற ஒரே பத்திரிகை அது என்று இதே இடத்தில் மாய்ந்து மாய்ந்து எழுதியவன் நான். அதைப் படித்துவிட்டோ என்னவோ, ஒரு வெளியூர் வானொலி நிலையத்திலிருந்து நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒருவர் தேடி வந்தார். சின்ன ஊர்களில் கூலி வேலை செய்கிறவர்களின் குரலை அவர்கள் வாயாலேயே ஒலிபரப்பப் போகிறோம், ஆள் காட்டுங்கள் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராக மாதம்மாளிடம் அழைத்துப் போனேன்.

மாதம்மாள் புளி மண்டியில் வேலை செய்கிறவர். நம் வீட்டு ரசத்துக்குக் கொட்டையில்லாத புளி எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தகர ஷெட்டுக்குள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, சின்ன இரும்புத் துண்டால் ஒவ்வொரு பழமாகத் தட்டிக் கொட்டையை எடுக்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே வேலைதான். விரல் இடுக்கெல்லாம் புளி தின்று வெடித்திருக்கும்.

அந்த ஷெட்டில் பதினேழு பெண்கள். அவர்களுக்கு ஒரே ஒரு குறை. மத்தியானச் சாப்பாடு முடிந்து உள்ளே போனதும் முதலாளி கதவை வெளியே பூட்டிவிட்டுப் போய்விடுவார். யாரும் மடியில் புளியை ஒளித்துக்கொண்டு போய்விடக் கூடாதாம். சாயங்காலம் அவர் வந்து திறக்கும் வரை ஒன்றுக்குப் போக வழி கிடையாது. அதனால் காலையிலிருந்தே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. தகரக் கூரை, சித்திரை வெயில், தண்ணீர் இல்லை! ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லோருக்கும் நீர்க்கடுப்பு.

கதவைத் திறந்து வையுங்கள் என்று கேட்க வேண்டும். யார் கேட்பது? கேட்டவளுக்கு மறுநாள் வேலை இருக்குமா? அதனால் பதினேழு பேரும் சேர்ந்து தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு போட்டிருந்தார்கள். இந்தச் சமயத்தில்தான் நான் மைக்கோடு போய் நிற்கிறேன். மாதம்மாள் பேசட்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதம்மாள் வீட்டில் ரிக்கார்டிங். தயாரிப்பாளர் பட்டனை அழுத்தினார். மாதம்மாள் தொண்டையைச் செருமினார்.

"எங்கள உள்ள வுட்டு வெளிய பூட்டிர்றாங்க..."

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்றேன்.

ஆமாம். சொன்னது நான்தான். தயாரிப்பாளர் அல்ல.

நம் ஜில்லாக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து நிலத்துக்காரன் மாடு நம் கேழ்வரகை மேய்ந்துவிட்டது என்று சொல்லப் போனால், நேரே மாட்டுக்கு வரமாட்டோம். சாப்பிட்டாச்சுங்களா என்போம். பையன் கல்யாணத்தை ஜாம்ஜாம் என்று நடத்தினீர்களே என்போம். உங்களை மாதிரி மனுசன் உண்டா என்போம். அப்புறம், கிளம்புகிற மாதிரி எழுந்து நின்று, செருப்பை மாட்டிக்கொண்டுதான் மாட்டைப் பற்றிப் பேசுவோம். எடுத்த எடுப்பில் குறை சொல்கிறவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த வளர்ப்பு என்னை விடவில்லை.

"மாதம்மா, ரேடியோவுல ஊரே கேக்கும். மொதல்ல மொதலாளியப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லிட்டு, அப்புறமா கதவப் பத்திச் சொல்லுங்க. அதான் மரியாதை" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, "நீங்க சொன்னாச் சரிதாங்க சார்" என்றார். மறுபடி பட்டன்.

"எங்க மொதலாளி தங்கமான மனுசருங்க. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் குடுப்பாருங்க. ஒடம்பு முடியலன்னா வூட்டுக்குப் போன்னு அனுப்பிருவாருங்க. ஆனா, மத்தியானத்துக்கு மேல கதவ வெளிய பூட்டிட்டுப் போயிர்றாருங்க. நாங்களும் பொம்பளைங்கதான? எவ்ளோ நேரந்தான் அடக்கிக்கிட்டு ஒக்காந்திருக்கறது?"

இன்னும் நிறையப் பேசினார். குரல் ஒரு இடத்தில்கூட நடுங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தயாரிப்பாளர்கூட, "பிரமாதம்!" என்றார்.

ஒலிபரப்பு அன்று மண்டிக்கு எதிரே டீக்கடையில் பதினேழு பேரும் கூடியிருந்தார்கள். நானும் போயிருந்தேன். கடைக்காரர் தன் செலவில் எல்லோருக்கும் டீ கொடுத்து, ரேடியோவை மேஜை மேல் தூக்கி வைத்து வால்யூமைக் கூட்டினார்.

எங்கே பதிந்தார்களோ, முதலில் புளி தட்டும் சத்தம் வந்தது. பிறகு மாதம்மாள். "எங்க மொதலாளி தங்கமான மனுசருங்க..." பெண்கள் சிரித்துக்கொண்டார்கள். தீபாவளிச் சேலை வந்தது. "வூட்டுக்குப் போன்னு அனுப்பிருவாருங்க" வந்தது.

உடனே ஒரு நாட்டுப்பாட்டு! பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், உழைக்கும் கரங்களின் மனநிறைவைக் கேட்டீர்கள் என்று குழைந்தார்.

கடைக்காரர் ரேடியோவை அணைத்தார். மாதம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டுகிற ஷாகிராதான் கேட்டாள்.

"ஏன்க்கா... நம்ம கதவப் பத்திப் பேசத்தான ஒன்ன அனுப்பனோம்?"

"பேசனேன்டி. மாதேஸ்வரன் மேல சத்தியமாப் பேசனேன். சார் இருந்தாரு, சாரக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேசினார், நான் கேட்டேன் என்று சொன்னேன். நம்பினார்களா? ரேடியோவில் வந்தது ஊருக்கே கேட்டிருக்கிறது. நான் சொல்கிற மிச்சத்தை அங்கே என்னைத் தவிர யாரும் கேட்கவில்லையே!

அடுத்த வாரம் மனுவை விசாரிக்க அதிகாரி வந்தார். முதலாளி அவருக்கு இளநீர் கொடுத்து, "எங்க பொம்பளைங்களே ரேடியோவுல சொல்லிட்டாங்களே சார், கேக்கலீங்களா?" என்றாராம். அதிகாரியும் கேட்டிருந்தாராம். குறை ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கதவு அன்று மத்தியானமும் வெளியேதான் பூட்டியிருந்தது.

முதலாளி மாதம்மாளைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் ஒரு சேலை கொடுத்தார். வாங்காவிட்டால் வேலை போய்விடும். வாங்கினால்? வாங்கினார். அன்றிலிருந்து புளி தட்டுகிற வட்டத்தில் அவருக்கு இடமில்லை. தனியாகச் சுவரோரம் உட்கார்ந்து தட்டுகிறார். பூட்டிய ஷெட்டுக்குள், பதினாறு பேர் பேசாத ஷெட்டுக்குள்.

நான் சும்மா இருக்கவில்லை. கோபமாக மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். தயாரிப்பாளர் பண்பாகப் பதில் போட்டார். நேரம் போதவில்லையாம். ஒரு தனியார் முதலாளி மேல் குற்றச்சாட்டு வந்தால் மேலிடத்தில் கேள்வி கேட்பார்களாம். 'நல்லவேளை, அந்த அம்மாள் முதலில் நாலு நல்ல வார்த்தை சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் மொத்தத்தையும் கைவிட வேண்டியிருந்திருக்கும்' என்று நன்றி வேறு! வெட்டிய பகுதி? டேப்புக்குத் தட்டுப்பாடு என்பதால் அழித்துவிட்டு, அதன்மேல் வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டார்களாம்.

நாலு நல்ல வார்த்தை... அதைச் சொல்லச் சொன்னது யார்? டேப்பை வெட்டுகிற பிளேடு அவர்கள் கையில் இருந்தது வாஸ்தவம்தான். எந்த இடத்தில் வெட்டலாம் என்று கோடு போட்டுக் கொடுத்தவன் நான்தானே?

ஏழைகளுக்குக் குரல் கொடுக்கிறோம் என்கிறோம். குரல் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது ஐயா. நாம் போய் அதற்கு மரியாதை கற்றுக்கொடுக்கிறோம். அங்கேதான் கெடுகிறது எல்லாம்.

சரி, பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன். அதியமான்கோட்டையில் இருக்கிற மகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னார் மாதம்மாள். ஆள் இளைத்திருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"சார், நான் பேசனதுல மிச்சத்த எங்கங்க வச்சிருக்காங்க? அத ஒருக்கா குடுத்தாங்கன்னா அவளுங்களுக்குப் போட்டுக் காட்டிட்டுத் திருப்பிக் குடுத்திருவேன். ஷாகிரா மட்டும் கேட்டாக்கூடப் போதுங்க."

அழித்துவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வேன்? "தேடிக்கிட்டு இருக்காங்கம்மா" என்றேன். பொய் சொல்வது எழுத்தாளனுக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்!

மாதம்மாள் என் முகத்தையே பார்த்தார். புரிந்துகொண்டுவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அதியமான்கோட்டை பஸ் வந்தது. பையை எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"நீங்க தங்கமான மனுசருங்க சார்" என்றார்.

அடுத்து வரப்போகும் 'ஆனா'வுக்காகக் காத்து நின்றேன். வரவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். பஸ் கிளம்பிவிட்டது.

எடிட்டிங்கை அவரும் கற்றுக்கொண்டுவிட்டார்!