சிரிப்புக்கு ஒரு திருத்தம்

என் அக்காவைப் பற்றி இந்த ஊர் தெரிந்து வைத்திருப்பதில் முக்கால்வாசி பொய். துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மையிடம் போய்ச் சட்டை விலை கேட்டாள் என்பது பொய். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடினாள் என்பது பொய். அவள் கண்ணாடியே போடுவதில்லை. தப்பான பஸ்ஸில் ஏறி அடுத்த ஊரில் இறங்கி, "நம்ம தெருவைக் காணோம்" என்று வீட்டுக்குப் போன் பண்ணினாள் என்பதும் பொய். நடக்காத விஷயங்கள் இல்லை இவை. ஒவ்வொன்றும் நடந்ததுதான். செய்தது அக்கா இல்லை, அத்தான்.

அத்தான் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியர். வானிலைக்குக் கீழே தினமும் வருகிற 'தினம் நாலு' என்ற கட்டம் அவர் பொறுப்பு. ஒரு பொது அறிவுக் கேள்வி, ஒரு புதிர், ஒரு சிரிப்பு, வரலாற்றில் இன்று என நாலு. முதல் பக்கத்தைப் புரட்டாதவர்கள்கூட அந்தக் கட்டத்தை விடமாட்டார்கள். முடிதிருத்தும் கடையில் பேப்பரை அந்தப் பக்கம் தெரிகிற மாதிரியே மடித்துப் போட்டிருப்பார்கள்.

கேள்வியையும் வரலாற்றையும் அத்தான் தடித்தடிப் புத்தகங்களிலிருந்து எடுத்துவிடுவார். புதிர் அவருக்கு வரவே வராது. கல்யாணமான புதிதிலிருந்து அதைப் போட்டுக் கொடுத்தவள் அக்காதான். பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒன்று சொல்வாள். "எழுதிக்கோங்க. மூணு எழுத்து. முழுசா இருந்தா வெளிச்சம். தலையை எடுத்தா காலை இடிக்கும். இடுப்பை எடுத்தா வாயில இருக்கும்." அத்தான் பேனாவைப் பிடித்தபடி விழிப்பார். "பகல்ங்க. தலை போனா கல், நடு போனா பல்." மறுநாள் ஊரே அதைச் சொல்லிக்கொண்டு திரியும். கட்டத்துக்கு அடியில் அத்தான் பெயர் இருக்கும். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சிரிப்புதான் வினையானது. முதலில் வாசகர்கள் அனுப்பியதைப் போட்டார். அது வற்றியதும் 'என் வீட்டம்மா' என்று ஆரம்பித்தார். தான் அன்று செய்த கூத்தை அப்படியே எழுதி, 'நான்' என்ற இடத்தில் 'என் வீட்டம்மா' என்று மாற்றிவிடுவார். அவ்வளவுதான் வேலை.

ஒருமுறை அக்கா நேராகவே கேட்டாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். "ஏங்க, பொம்மைகிட்ட விலை கேட்டது நீங்கதானே?"

"நான் கேட்டேன்னு போட்டா யாரு சிரிப்பா? நீ கேட்டேன்னு போட்டாத்தான் சிரிப்பு வரும்."

ஒரு மனிதன் தன் மனைவியைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுக் கை கழுவ முடிகிறது. அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது. அக்கா அப்போது சிரித்துவிட்டுப் போனாள். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருப்பாள்.

அக்கா மருந்தாளுநர். படித்துப் பட்டயம் வாங்கியவள். பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற மருந்துக்கடையில் அவள்தான் மருந்து எடுத்துக் கொடுப்பாள். அவளுக்குப் பக்கத்தில் பில் போடுகிறவள் நான். சீட்டில் டாக்டர் கையெழுத்து புரியவில்லை என்றால் ஊகித்து எடுக்கமாட்டாள், போன் போட்டுக் கேட்பாள். வரிசை நீண்டாலும் சரி, முதலாளி முறைத்தாலும் சரி. குழந்தைக்கு மருந்து என்றால் எடை என்ன என்று கேட்காமல் பாட்டிலில் கையே வைக்கமாட்டாள். "கடையில வேலை செய்யறேன்னு சொல்லாதே. மருந்து கொடுக்கறேன்னு சொல்லு" என்பாள் என்னிடம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம் அத்தானுக்குச் சளி. அக்கா மூக்குக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்து மேஜைமேல் வைத்தாள். மேஜை இழுப்பறையில் முன்பு எப்போதோ வாங்கின காது மருந்து கிடந்தது. அத்தான் கண் முன்னால் இருந்ததை விட்டுவிட்டு, இழுப்பறையைத் துழாவி காது மருந்தை எடுத்து மூக்கில் விட்டுக்கொண்டு கத்தினார். அக்கா ஓடிப்போய் மூக்கைக் கழுவிவிட்டு, நல்ல டோஸும் விட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கட்டத்தில் இப்படி வந்தது: 'என் வீட்டம்மா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். சளி என்றேன். காதுக்கு விடுகிற மருந்தை மூக்கில் விட்டுவிட்டாள். இப்போது என் மூக்கு நன்றாகக் கேட்கிறது.'

கடை திறந்ததும் முதலில் வந்தவர் லாரி ஆபீஸ் மேனேஜர். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் அந்தப் பெயர்தான் அவருக்கு. ரத்த அழுத்த மாத்திரையை அக்கா நீட்டியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது வாய்க்கா, காதுக்காம்மா?" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் ஒப்புக்குச் சிரித்தாள்.

அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல். அக்கா வழக்கம்போல எடை கேட்டாள். அந்தப் பெண் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டாள். "வேற யாராவது எடுத்துக் குடுக்கறீங்களா? தப்பா நினைக்காதீங்க. குழந்தைக்கு இல்லையா."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். அக்கா பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டாள். அவள் காது முழுக்கச் சிவந்திருந்தது. அந்த வாரத்தில் இன்னும் பல பேர் அப்படிக் கேட்டார்கள். சிலர் கேட்கவில்லை, பேசாமல் பக்கத்து மருந்துக்கடைக்குப் போனார்கள்.

வாரக் கடைசியில் முதலாளி, "கொஞ்ச நாளைக்கு நீ உள்ள சரக்குப் பிரிச்சு அடுக்கும்மா. ஜனங்க மறந்ததும் முன்னால வந்துக்கலாம்" என்றார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல், மேலே ஒரு குண்டு பல்பு. என் அக்காவைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தார்கள்.

அன்று சாயங்காலம் அவளோடு நானும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தான் மறுநாள் வரலாற்றுக்கு ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்னை உள்ள தள்ளிட்டாங்க," என்றாள் அக்கா.

விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்துத்தான் போனது. ஆனாலும் வாயில் வந்தது என்ன தெரியுமா? "ஜனங்களுக்கு நகைச்சுவை உணர்வே இல்லை."

"போன மாசம் ஒரு விஞ்ஞானி செத்த வருஷத்தைப் பிறந்த வருஷம்னு போட்டீங்க. மறுநாளே இரண்டாம் பக்கத்துல திருத்தம் வந்துது. செத்து மண்ணாப் போனவருக்குத் திருத்தம் உண்டு. உயிரோட நிக்கற எனக்குக் கிடையாதா?"

"சிரிப்புக்கு யாரும் திருத்தம் போடமாட்டாங்க."

"அப்ப புதிரும் இனிமே கிடையாது," என்றாள் அக்கா.

மறுநாள் அவளே பத்திரிகை ஆசிரியரைப் பார்க்கப் போனாள். அவர் நல்ல மரியாதையோடு உட்கார வைத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். "இதைப் போய் மனசுல வெச்சுக்கலாமாம்மா? வீட்டுக்கு வீடு நடக்கறதுதானே. நாங்க உங்க பேரையா போட்டோம்?" பெயர் போடவில்லையாம். எழுதியவர் பெயர் அடியில் இருக்கிறது, அவருக்கு இருப்பது ஒரே மனைவி, ஊரில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். அக்கா எழுந்து வந்துவிட்டாள்.

கட்டத்தில் புதிர் நிற்கவில்லை. அத்தானே போட்டார். அப்பாவுக்கும் மகனுக்கும் வயது கண்டுபிடிக்கிற கணக்கு ஒன்று. அதைப் போட்டுப் பார்த்தால் மகன் அப்பாவுக்கு முன்னாலேயே பிறந்திருந்தான். அலுவலகத்தில் போன் ஓயவில்லையாம். மறுநாள் இரண்டாம் பக்கத்தில் திருத்தம் வந்தது. அந்த மகனுக்குக்கூடத் திருத்தம் கிடைத்தது. அக்கா பேப்பரைச் சத்தம் வருகிற மாதிரி மடித்து வைத்தாள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் அவள் சரக்கறைக்குப் போகவில்லை. கடைக்குள் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவரில் மாட்டியிருந்த தன் பதிவுச் சான்றிதழைக் கழற்றினாள். தூசியைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

முதலாளி பதறிவிட்டார். "என்னம்மா பண்றே? அது இல்லாம கடை திறக்கக்கூடாதே."

"தெரியும் சார். பதிவு செஞ்ச ஆளு இருந்தாத்தான் மருந்து விக்கலாம். அந்த ஆளு நான்தான். என் சான்றிதழ் முன்னால இருக்கும், நான் பின்னால இருப்பேனா? இருந்தா ரெண்டும் முன்னால இருக்கும். இல்லேன்னா ரெண்டும் வெளியே போகும்."

"நானாம்மா உன்னை நம்பலை? வர்றவங்க நம்பலை. நான் என்ன பண்ணட்டும்?"

"அதை எழுதினவங்களைக் கேளுங்க. என்னை எதுக்குப் பெட்டிக்குப் பின்னால ஒளிச்சு வைக்கறீங்க?"

சான்றிதழ் பழைய இடத்துக்குப் போனது. அக்காவும் போனாள். ஆனால் வருகிறவர்களின் பார்வை மாறவில்லை. பக்கத்துக் கடையில் கூட்டம் கூடிக்கொண்டே போனது.

இந்தச் சமயத்தில்தான் அத்தானுக்குக் கொஞ்சம் புத்தி வந்தது. அல்லது புதிர் இல்லாமல் திண்டாடினாரோ என்னவோ, நான் முழுப் பெருமையையும் அவருக்குக் கொடுக்கத் தயாராக இல்லை. உண்மையை எழுதிவிட்டார். 'காது மருந்தை மூக்கில் விட்டுக்கொண்டது நான்தான். பொம்மையிடம் விலை கேட்டது நான். பஸ் மாறி ஏறியதும் நான். என் மனைவி இதில் எதையும் செய்யவில்லை.' இதை எங்கே போட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதே கட்டத்தில், சிரிப்பு என்ற தலைப்புக்குக் கீழே.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. கட்டம் ஆரம்பித்ததிலிருந்து இத்தனை பாராட்டு வந்ததில்லையாம். லாரி ஆபீஸ் மேனேஜர் கடைக்கு வந்து, "வீட்ல நல்லா மண்டகப்படி போலிருக்கே. பாவம், மனுஷன் எல்லாத்தையும் தன் தலைமேல போட்டுக்கிட்டாரு. இந்த மாதிரி புருஷன் கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்மா" என்றார்.

அக்கா மாத்திரை அட்டையைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். "அது சிரிப்பு இல்லைங்க. நிஜம்."

"ஆமாமா, நிஜந்தான்," என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

பொய்யை எழுதினால் நம்புகிறார்கள், நிஜத்தை எழுதினால் சிரிக்கிறார்கள். அன்று மத்தியானம் அக்கா சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "இனிமே நான் என்ன சொன்னாலும் சிரிப்பாங்கடி," என்றாள்.

கடைசியில் திருத்தம் வந்தது. எப்படி வந்தது என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் எங்கள் கடை விளம்பரம் பல வருடமாக வருகிறது. விற்பனை விழுந்ததைப் பார்த்த முதலாளி ஆசிரியருக்குப் போன் போட்டு, ஒழுங்கான திருத்தம் வரும்வரை விளம்பரம் கிடையாது என்றார். பேச்சு ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஓடவில்லை. அக்கா நேரில் போய் உட்கார்ந்து கேட்டபோது நகராத மலை, ஒரு போனுக்கு நகர்ந்தது. அவள் மானத்தைவிட அந்தக் கால் பக்க விளம்பரம் அவர்களுக்குக் கனமாக இருந்திருக்கிறது.

வாசகத்தை அத்தான்தான் எழுதினார். வீட்டில் வைத்து எழுதி, அக்காவிடம் காட்டினார். அதில் 'அன்பு மனைவி' என்று ஓர் இடத்தில் வந்தது. அக்கா பேனாவை வாங்கி 'அன்பு' என்பதை அடித்துவிட்டு, 'பதிவு பெற்ற மருந்தாளுநரான' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் இரண்டாம் பக்கத்தில், ஒரு புகைப்படத்தில் பெயர் மாறிப்போனதற்கான வருத்தத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் வந்தது. எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. எடை கேட்டால் சொல்கிறார்கள், அது போதும் என்கிறாள் அக்கா. எனக்குப் போதவில்லை.

'என் வீட்டம்மா' நின்றுபோனாள். ஆசிரியர் ஆள் அனுப்பி, அக்கா பெயரிலேயே புதிர் போடுவதாகச் சொல்லிப் பார்த்தார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு நேரமில்லைன்னு சொல்லிடுங்க," என்று வந்தவரிடம் சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கினாள்.

போன மாதம் அத்தானுடைய அண்ணன் வீட்டில் எல்லோரும் சாப்பிடக் கூடியிருந்தோம். பெரியவர் வாய் நிறையச் சிரிப்போடு ஆரம்பித்தார். "ஏம்மா, அந்தத் துணிக்கடைப் பொம்மை கதையைச் சொல்லேன், பசங்க கேக்கட்டும்."

அக்கா வாய் திறப்பதற்குள் அத்தான், "அது நான் அண்ணா," என்றார்.

மேஜை முழுக்கச் சிரித்தது. "விட்டுக் கொடுக்க மாட்டேங்கறான் பாரு," என்றார் பெரியவர்.

அத்தான் சிரிக்கவில்லை. "நான்தான் அண்ணா. அவ இல்லை," என்று மறுபடி சொன்னார். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவது தடவையும் அதே குரலில், கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் தண்ணீர் குடித்தார். அவர் மனைவி எழுந்து போய் எதையோ எடுத்து வந்தாள்.

அக்கா தலையைத் தூக்காமல் சாப்பிட்டு முடித்தாள். பிறகு, "குழம்பு நல்லா இருக்கு அக்கா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்று ஓரகத்தியிடம் தட்டை நீட்டினாள்.