தாண்டிட்டண்ணா

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு கிறுக்கு உண்டு. ஒருவருக்குப் புறா. ஒருவருக்குச் சீட்டு. இன்னொருவருக்கு எந்தக் கட்சிக் கூட்டமானாலும் போய் முன்வரிசையில் உட்கார வேண்டும். அன்புச்செல்வனின் கிறுக்கு பழைய டிவி கேம். பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்துக்கொண்டு, நாற்பதைத் தாண்டிய ஆள் காயலான் கடையில் குத்தவைத்து மஞ்சள் கேசட் தேடினால் பார்க்கிறவர்கள் சிரிக்கத்தானே செய்வார்கள். சிரித்தார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

டிவி கேம் என்றால் இப்போது செல்போனில் தட்டுகிற சமாச்சாரம் இல்லை. தொண்ணூறுகளில் வந்த பெட்டி. மேலே கையகலக் கேசட்டைச் சொருகி, ஒயரை டிவியின் ஆண்டெனா ஓட்டையில் கொடுத்துவிட்டு, ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஆடுவது. படம் வரவில்லையென்றால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊத வேண்டும். ஊதுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று இப்போது இண்டர்நெட்டில் எழுதுகிறார்கள். எழுதட்டும். ஊதினால் வந்தது.

அன்புவிடம் அப்படிப்பட்ட பெட்டிகள் ஒரு பீரோ நிறைய இருந்தன. துணி வைக்க இடமில்லை என்று மனைவி மலர்விழி வாரத்துக்கொரு முறை சண்டை போட்டாள். அவளும் சண்டை போட்ட கையோடு டாங்கி கேம் ஆட உட்கார்ந்துவிடுவாள் என்பதால் அந்தச் சண்டைக்கு மரியாதை இல்லாமல் போயிற்று. பழைய கேம் சேர்க்கிறவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் அன்பு இருந்தான். சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் அதில் கேம்களின் அசல் பெயரை இங்கிலீஷில் எழுதுவார்கள். இவனுக்கு ஒன்றும் விளங்காது. படம் போட்டால்தான், "இது எங்க காளான் கேமு" என்று பதில் போடுவான். ஊர்ப் பிள்ளைகள் கூப்பிட்ட பெயர்தான் அவனுக்குப் பெயர். காளான் கேம், டாங்கி, வாத்து.

அந்தப் பெயரெல்லாம் வைத்தவர் அண்ணன் வீரமுத்து. ஒரு பருவம் முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு, பொங்கலுக்கு ஊரே பேன்ட் சட்டை எடுத்தபோது இவர் மட்டும் டிவி கேமோடு வந்து இறங்கினார். அப்பா செருப்பைக் கழற்றினார். பொழுது சாய்ந்ததும் அதே அப்பா டாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளை டிவி. காளான் கேமில் ஓடுகிற குள்ளனின் சட்டை சிவப்பு என்பதே அன்புக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது. அண்ணன் ஆட உட்கார்ந்தால் தெருவே கூடும். திரையைப் பார்த்து ஆடுகிற ஆளில்லை அவர். பாட்டைக் கேட்டு ஆடுவார். பாட்டு எந்த இடத்தில் ஏறினால் பள்ளம் வரும், எங்கே இறங்கினால் அமுக்க வேண்டும் என்று விரலுக்கு மனப்பாடம்.

அப்படிப்பட்ட அண்ணனுக்கு இப்போது கண் இல்லை. கரும்பு வெட்டிய அலுப்புக்கு எல்லாரும் குடித்த பாக்கெட் சாராயத்தைத்தான் அவரும் குடித்தார். கூடக் குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு போய் எரித்தார்கள். இவருக்கு உயிர் நின்றது, பார்வை போய்விட்டது. அதிர்ஷ்டக்காரன் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். வாய் இருக்கிறதே என்பதற்காக எதை வேண்டுமானாலும் சொல்லலாமா?

வீரமுத்து சங்கராபுரம் ரோட்டோரத்து ஊரில், அப்பா விட்டுப்போன வீட்டிலேயே இருந்தார். உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒருநாள் அண்ணி பச்சையம்மாள் அன்புக்குப் போன் போட்டாள்.

"தம்பி, சோத்துல கைய வெக்க மாட்டேன்றாரு. காலையில எழுந்து, வயலுக்கு அடிக்கிற மருந்து டப்பா எங்க இருக்குதுன்னு கேக்கறாரு. நான் பக்கத்து வூட்ல குடுத்து வெச்சிட்டேன். எத்தினி நாளிக்கு இப்படி ஒளிச்சி வெக்கிறது?"

அன்பு ஏற்றிய ஆட்களைப் பாதியில் இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடி, பீரோவைத் திறந்தான். பணக்காரனாக இருந்திருந்தால் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பான். அவனிடம் இருந்தது டிவி கேம்தான்.

முதல் தடவை தப்புச் செய்தான். அண்ணன் வீட்டில் இருப்பது தட்டை டிவி ஆயிற்றே, பழைய பெட்டியின் ஒயர் அதில் பிடிக்காதே என்று, புதிதாக வரும் சின்னப் பெட்டியை எடுத்துப் போனான். உள்ளே அதே காளான் கேம்தான். ரிமோட்டை அண்ணன் கையில் வைத்து முடுக்கினான். பாட்டு வந்ததும் அண்ணனின் தலை நிமிர்ந்தது. கட்டைவிரல் அமுக்கியது. குள்ளன் பள்ளத்தில் விழுந்தான். மறுபடி அமுக்கினார், மறுபடி விழுந்தான். அவர் ரிமோட்டைத் தூக்கி எறிந்தார்.

"இது நம்ம பாட்டு இல்லடா. ஓடுது."

உண்மைதான். அந்தக் காலத்தில் இங்கே விற்ற பெட்டிகளில் பாட்டு கொஞ்சம் நிதானமாகப் போகும். புதுப் பெட்டி வெளிநாட்டுக் கணக்கில் செய்தது, விரைசலாகப் போகும். வருஷக்கணக்காக இதே பைத்தியமாகத் திரிகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். கண் தெரியாத மனுஷனின் காதுக்கு அது பெரிய வித்தியாசம் என்பதுதான் தோன்றவில்லை.

பழைய பெட்டிக்குப் பழைய டியூப் டிவி வேண்டும். அவனுடையது போன மழையில் இடி விழுந்து கருகிப் போயிருந்தது. ஊரில் கேட்ட வீட்டிலெல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். கடைசியில் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஓர் ஊரில் அரசாங்கம் கொடுத்த டிவி இன்னும் இருக்கிறதென்று கேள்விப்பட்டு, ஆட்டோவிலேயே மலை ஏறினான். ஒவ்வொரு வளைவிலும் வண்டி முக்கி முனகியது. சாலம்மாள் என்கிற அம்மா வீட்டில் டிவி மேல் கோழி அடை கிடந்தது.

"கோழிய எழுப்பாம எடுத்துக்க முடிஞ்சா எடுத்துக்க" என்றாள் அந்த அம்மா. ஆனால் அவளே கோழியைக் கூடைக்கு மாற்றிக் கொடுத்தாள். பதிலுக்கு இரண்டு மூட்டை மரவள்ளிக் கிழங்கைக் கீழே மண்டியில் இறக்கிவிடச் சொன்னாள். டிவி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம் என்று இறங்கி வந்தான். திரையில் ஓரமாகப் பச்சை படர்ந்திருந்ததே தவிர படம் நன்றாக இருந்தது.

இந்தத் தடவை பாட்டு வந்ததும் அண்ணன் ரிமோட்டுக்குக் கை நீட்டினார். குள்ளன் ஓடினான். பாட்டு ஏறியது. கட்டைவிரல் அமுங்கியது.

"தாண்டிட்டண்ணா!" என்று அன்பு கத்தினான். அடுப்பங்கரையிலிருந்து அண்ணி ஓடிவந்தாள். வீரமுத்துவின் முகம் விரிந்ததைப் பார்த்து அவள் அப்படியே நின்றுவிட்டாள். அன்றைக்கு அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் அந்த ஒரு பள்ளத்தோடு சரி. அதற்கு அப்புறம் ஆமை வரும், குழாய் வரும், எங்கே நின்றோம் என்று பார்த்து ஆட வேண்டிய இடங்கள் வரும். அதற்குக் காது போதாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே இடத்தில் செத்தார். நான்காவது நாள், "இதுலயும் நமக்குக் குடுப்பினை இல்லடா, எடுத்துக்கினு போ" என்று ரிமோட்டைக் கீழே வைத்தார். அண்ணி கதவோரத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. கேசட்டைக் கழற்றி ஊதுகிற மாதிரி ஊதினான். "கேசட்லதாண்ணா கோளாறு, இப்ப ஆடிப் பாரு" என்று இரண்டாவது ரிமோட்டை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தான். ஒருவர் மட்டும் ஆடுகிற ஆட்டத்தில் இரண்டாவது ரிமோட்டுக்கு வேலையே கிடையாது. எதை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. முதல் ரிமோட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். தன் விரல் சத்தம் கேட்கக் கூடாதென்று டிவி சத்தத்தைக் கூட்டினான். ஆமையைத் தாண்டினான், குழாயைத் தாண்டினான், கொடிக்கம்பம் வரைக்கும் போனான். அந்த இடத்துக்கே உரிய பாட்டு வந்தது. அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். அன்பு சத்தம் வராமல் அழுதான், சிரிக்கவும் செய்தான்.

அன்றிலிருந்து சாயங்கால சவாரியை விட்டுவிட்டு அவன் அண்ணன் வீட்டுக்கு வரத் தொடங்கினான். மலர்விழி முதலில் முணுமுணுத்தாள், அப்புறம் அவளே மிக்சர் பொட்டலம் கட்டிக் கொடுத்தனுப்பினாள். வீரமுத்து சவரம் செய்துகொண்டார். அண்ணியைக் கிண்டல் செய்தார். மருந்து டப்பா பேச்சே எழவில்லை. பாலம், நெருப்பு, கோட்டை என்று ஒவ்வொன்றாகத் தாண்டினார்கள். தாண்டினார் என்றுதான் ஊருக்குப் பேச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணு இருக்கற பசங்களால முடியல, நான் காதாலயே முடிச்சேன்" என்று அவர் அளந்ததை, பாதிப் பேர் நம்பினார்கள், மீதிப் பேர் நம்பின மாதிரி தலையாட்டினார்கள். பாவம், அதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று அன்பு நினைத்தான்.

டீக்கடைக்குப் பச்சையம்மாள்தான் கைப்பிடித்துக் கூட்டிப் போவாள். ஒருநாள் அவர் கையை உதறினார்.

"வுடு. எனக்குக் கேக்குது. வண்டி எம்மாந்தூரத்துல வருதுன்னு கரெக்ட்டா சொல்லிடுவேன்."

போனார். வந்தார். ஊர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி வழிவிட்டதை அவர் பார்க்கவில்லை. அப்படிப் பல நாள் போய்வந்தார். அன்புவிடம் அண்ணி சொல்லத்தான் செய்தாள். அண்ணனுக்குத் தைரியம் வந்துவிட்டது என்று அவன் சந்தோஷப்பட்டான். பிறகு ஒரு காலையில், நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று கடையோரம் இன்ஜினை நிறுத்தாமல் நின்றிருந்த நேரத்தில், வெளியூர் பைக் ஒன்று அவரை அடித்தது. ஓட்டிவந்தவனுக்குக் கை முறிந்தது. வீரமுத்துவுக்கு இடுப்பெலும்பு.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் தெம்பாகத்தான் படுத்திருந்தார். வலியில் முனகிக்கொண்டே பேசினார்.

"அந்த லாரி சத்தத்துல பைக்கு சத்தம் அமுங்கிப்போச்சிடா. அதான். எழுந்ததும் மறுபடி நானே போறேன் பாரு. கேம்ல அத்தினி பள்ளம் தாண்டறேன், இந்தத் தார் ரோடு இன்னா பெரிய ரோடு?"

பச்சையம்மாள் அன்புவை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"தம்பி, அவரு போவாரு. நான் புடிச்சி வெச்சாலும் திமிறிக்கினு போவாரு. நீதான் சொல்லணும்."

"இன்னா அண்ணி சொல்றது?"

"நீ மடியில எத வெச்சிருந்தன்னு. நானும் பார்த்துக்கினுதான இருந்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தெனமும் உனக்காக சாமிய கும்பிட்டேன். இப்ப நீ சொல்லலன்னா அவரு வண்டியில அடிபட்டே செத்துடுவாரு."

சொன்னால் மருந்து டப்பாவைக் கேட்பாரே என்று அவன் கேட்கவில்லை. அவளுக்கும் அது தெரியாமலா இருக்கும். அவன் உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணா. கேம்ல நீ தாண்டலண்ணா."

"எது?"

"நான் ஆடினேன். உங்கையில இருந்தது ரெண்டாவது ரிமோட்டு. அத அமுக்கினா ஒண்ணும் நடக்காது."

பக்கத்துக் கட்டில்காரருக்கு நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனாள்.

"கொடிக்கம்பம்?"

"நான்தாண்ணா."

"பாலம்?"

"நான்."

"கோட்டை வரிக்கும் போனது?"

"நான்தான். கோவிச்சிக்காதண்ணா. நீ சோறு துன்னல. வேற இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல."

"கோவம் இன்னாடா." வீரமுத்துவின் கை போர்வையைத் தடவிக்கொண்டிருந்தது. "இனிமே ரோட்டுக்குப் போவல. அவகிட்ட சொல்லிடு."

அன்புக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அண்ணனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"ஆனா மொத பள்ளம் நீதாண்ணா தாண்டின. மலையிலருந்து டிவி எடுத்தாந்த அன்னிக்கு. அப்ப மொத ரிமோட்டு உங்கையிலதான் இருந்துச்சி. நான் தொடவே இல்ல. சத்தியமா நீதான்."

வீரமுத்து அவன் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"சரிடா. நான்தான்."

அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரல் அது. அன்பு தன் மகள் மேல் சத்தியம் செய்தான். அண்ணன் அதற்கும் சரி என்றார்.