அம்மாவின் வாட்சும் என் ஜீன்ஸும்

இன்று தர்மபுரியில் ஒரு துணிக்கடையில் ஜீன்ஸ் கேட்டேன்.

"பொண்ணுக்குங்களா அக்கா?" என்றாள் கடைப்பெண்.

"எனக்குத்தாம்மா."

நாற்பத்தெட்டு வயதில் அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. டிரையல் ரூமில் நிற்கும்போது அம்மாவின் வாட்ச் ஞாபகம் வந்தது.

எண்பத்தாறில் நான் மூன்றாம் வகுப்பு. பாலக்கோட்டில் தக்காளி விற்ற கையோடு அம்மா ஒரு வாட்ச் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆசை, அவ்வளவுதான். மணி பார்க்கத் தெரியாது. பஸ்ஸில் யாராவது மணி கேட்டால் கையை நீட்டி, "கண்ணு மங்கலுங்க, நீங்களே பாத்துக்கோங்க" என்பாள்.

ஒருநாள் பக்கத்து சீட் பெண் பார்த்துவிட்டு, "சாவி குடுக்கலீங்களா? வாட்ச் நின்னு போயிருக்குதுங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா வாட்சைக் கழற்றினாள். இனி கட்டமாட்டாள் என்று நினைத்தேன். என் முன்னால் வைத்து, "மணி பாக்கச் சொல்லிக் குடுடி. அப்புடியே பஸ் போர்டு படிக்கவும். சித்தேரி மலையப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, நான் தனியா போய்ட்டு வரணும்" என்றாள்.

அடுத்த வருடம் போய்வந்தாள்.

இன்று வாங்கிய ஜீன்ஸைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டு விழப்போகிறது என்று நின்றேன்.

"நானு நாப்பத்திரண்டுலயே வாட்ச் கட்டுனேன். நீ ஆறு வருசம் லேட்டுடி."

என்னைவிட லேட்டானவர்கள் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ஆனால் பார்த்து எழுதுங்கள். அம்மாவே படிப்பாள்.